முதலாம் ஆண்டைத் தாண்ட வைத்தவர்களுக்கு

இரண்டாவது செமஸ்டர் ரிசல்ட்டும் வந்துவிட்டது, எல்லாப் பேப்பரும் பாஸ். அதனால் இப்போதாவது இதை எழுதிவிடுகிறேன். நேரில் சொன்னால் "இதுக்கெல்லாம் எதுக்கு நன்றி" என்று பேச்சை மாற்றிவிடுவீர்கள், அதனால்தான் இப்படிப் பொதுவில். யார் பெயரும் போடவில்லை. படித்தால் அவரவருக்குத் தெரிந்துவிடும்.

முதல் நன்றி சீனியர் அக்காவுக்கு. பள்ளி முழுக்கத் தாய்மொழியில் படித்துவிட்டு வந்தவளுக்கு இங்கே எல்லாம் ஆங்கிலத்தில். மூன்று தடவை படித்த பாடமும் மறுநாள் காலையில் காணாமல் போய்விடுகிறது என்று நான் புலம்பிக்கொண்டிருந்தபோது, அக்கா ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. என் புத்தகத்தை வாங்கி மூடிவிட்டு "இப்ப சொல்லு, என்ன படிச்ச?" என்றார். அப்புறம் நோட்டின் ஒரு பக்கத்தை நடுவில் மடித்து, இடப்பக்கம் கேள்வி, வலப்பக்கம் பதில் என்று எழுத வைத்தார். பதிலை மடித்து மறைத்துக்கொண்டு வாய்விட்டுச் சொல்ல வேண்டும், வராவிட்டால் மட்டும் பிரித்துப் பார்க்கலாம். ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006இல் இதையே சோதித்திருக்கிறார்கள் என்று பிற்பாடு படித்தேன். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தான் முந்தியிருக்கிறார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோதோ, தங்களையே சோதித்துப் பார்த்தவர்களுக்குச் சுமார் 56 சதவீதம் நினைவிருந்தது, படித்துக்கொண்டே இருந்தவர்களுக்கு 42தான். அக்காவுக்கு இந்த ஆராய்ச்சியெல்லாம் தெரியாது, அரியர் எழுதி எழுதிக் கற்றது என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

அடுத்து லேப் உதவியாளர் அண்ணா. ப்யூரெட்டில், அதாவது திரவத்தைச் சொட்டுச் சொட்டாக அளந்து விடும் கோடு போட்ட கண்ணாடிக் குழாயில், எனக்கு மட்டும் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு ரீடிங் வந்துகொண்டிருந்தது. என்னைத் திட்டாமல், முழங்காலை மடக்கி, கண் திரவத்தின் மட்டத்துக்கு வரும்வரை குனிய வைத்தார். நிறமில்லாத கரைசல் என்றால் திரவத்தின் மேற்பரப்பில் தெரியும் வளைவின் அடிப்பகுதியைப் பார், பெர்மாங்கனேட் அடர்நிறம், அடி தெரியாது, அதற்கு மேல் விளிம்பைப் பார் என்றார். ரெக்கார்டு நோட்டில் இந்த ஒரு வரி இருந்திருந்தால் வகுப்பில் பாதிப் பேர் பிழைத்திருப்போம்!

கணக்கு மேடத்துக்குத் தனியாகவே ஒரு கடிதம் எழுத வேண்டும். "எனக்கு வகுப்பில்லாத நேரத்தில் அறைக்கு வாங்க" என்று எல்லோரிடமும்தான் சொன்னார், போகத்தான் ஆளில்லை. தைரியத்தை வரவழைத்துக்கொண்டு போய் "லிமிட் புரியல மேடம்" என்றேன். "புரியலன்னு வராதே, எந்த வரியில நின்னுபோனன்னு காட்டு" என்றார். லிமிட்டின் வரையறையில் வரும் எப்சிலான், டெல்டா வரியைக் காட்டினேன். சார்பின் மதிப்பு லிமிட்டிலிருந்து எவ்வளவு விலகலாம் என்பது எப்சிலான், அதற்கு x எவ்வளவு நெருங்கியிருக்க வேண்டும் என்பது டெல்டா. இதைப் பேரம் மாதிரி நினைச்சுக்கோ, எதிராளி முதலில் எப்சிலான் சொல்வார், எவ்வளவு சின்னதாகச் சொன்னாலும் அதற்கேற்ற ஒரு டெல்டாவை நீ எடுத்துக் கொடுக்க வேண்டும், கொடுக்க முடியாத ஒரு எப்சிலானை அவர் சொல்லிவிட்டால் நீ தோற்றாய், அவ்வளவுதான் என்றார். யார் முதலில் பேசுகிறார் என்பதுதான் அந்த வரையறையின் உயிரே என்று அன்றைக்குத்தான் பிடிபட்டது. அதற்கப்புறம் எந்தப் பாடத்துக்கும் வரியைக் காட்டித்தான் சந்தேகம் கேட்கிறேன், மற்ற ஆசிரியர்களும் அப்படிக் கேட்டால் பொறுமையாகவே சொல்லித்தருகிறார்கள்.

அறைத்தோழி! நான் விடியற்காலையில் எழுந்து படிப்பவள், நீ நடுராத்திரிவரை விழித்திருப்பவள், நமக்குள் சண்டை வந்திருக்க எல்லா நியாயமும் இருந்தது. நீ விளக்கைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாய், நான் அலாரத்தை வைப்ரேஷனில் போட்டுத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டேன். யார் இதை முதலில் தொடங்கியது என்று மட்டும் இன்னும் தகராறு இருக்கிறது, அது இருக்கட்டும்.

அம்மாவுக்கு நன்றி சொன்னால் கோபம் வரும், இருந்தாலும் சொல்கிறேன். முதல் மாதம் நான் போனில் அழுதபோதெல்லாம் "வந்துடு"ன்னு நீ சொல்லியிருந்தால் பெட்டியைக் கட்டியிருப்பேன். "சரி, அழு. நாளைக்கும் இதே நேரத்துக்குப் பேசலாம்" என்று மட்டும் சொன்னாய். அப்பா மார்க்கைப் பற்றி வாயே திறக்கவில்லை. கேட்கத் துடித்திருப்பார், எனக்குத் தெரியும்.

"ஃபர்ஸ்ட் இயர்தானே, ஜாலியா இரு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனவர்களும் இருக்கிறார்கள். உங்களுக்கு நன்றி கிடையாது, மன்னிக்கவும்.

அப்புறம், புதிதாக வரும் ஜூனியர்களுக்கு: அக்கா சொல்லித்தந்த முறையில் நான் எழுதிய கேள்வி நோட்டுகள் இருக்கின்றன, யார் கேட்டாலும் தருகிறேன். இயற்பியல் நோட்டில் கையெழுத்து படுமோசம், புரியாத இடத்தில் என்னிடமே வந்து கேளுங்கள். எந்த வரி என்று காட்ட வேண்டும், சரியா?