கிளாடிங், தீ, உங்கள் டிசைனரின் தயக்கம்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களே, வணக்கம்.

"இன்சுலேஷன் கிளாடிங்கா? தீப்பிடித்தால் கட்டடமே போய்விடும்" என்று டிசைனர் சொல்லிவிட்டார், என்ன செய்வது என்று பலர் கேட்கிறீர்கள். சுவரின் வெளிப்பக்கம் வெப்பத்தடுப்புப் பொருளை வைத்து, மேலே தகடு போர்த்துவதுதான் இந்த இன்சுலேஷன் கிளாடிங். எரியும் கோபுரத்தின் படம் ஒன்றும் போனுக்குப் போன் சுற்றுகிறது. அது லண்டனின் கிரென்ஃபெல் டவர். 2017 ஜூன் 14 அன்று பற்றிய அந்தத் தீக்கு 72 பேர் பலியானார்கள். அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள் என்று சொல்ல எங்களுக்கு மனம் வராது. ஆனால் அங்கே எரிந்தது எது என்பதையும் சொல்ல வேண்டும் அல்லவா? இரண்டு அலுமினியத் தகடுகளுக்கு நடுவில் பாலிஎத்திலீன் என்ற எரியும் பிளாஸ்டிக் இருந்தது. தீ மளமளவென்று மேலேறியதற்கு முதல் காரணம் அதுதான். அதன் பின்னால் இருந்த இன்சுலேஷனும் எரியக்கூடிய நுரைப்பலகை.

நாங்கள் போடுவது ராக்வூல். பாறையை உருக்கி இழையாக்கியது. எரியாது, 1000 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் உருகும். மேல்தகடும் எரியாத வகைதான். தகட்டுக்குப் பின்னால் உள்ள காற்றிடைவெளியில் மாடிக்கு மாடி தீத்தடுப்புப் பட்டை வைக்கிறோம். விலை குறைவு என்பதற்காக உயரமான கட்டடத்துக்கு எரியக்கூடிய தெர்மோகோல் கேட்டவர்களிடம் முடியாது என்றே சொல்லியிருக்கிறோம். அப்படியிருக்க, எல்லாக் கிளாடிங்கையும் ஒரே தராசில் வைத்துப் பேசுவது மனதை வருத்துகிறது.

டிசைனர்களின் மற்றத் தயக்கங்களில் நியாயம் உண்டு. கிளாடிங்கால் சுவர் கூடுதலாக 100 மி.மீ. வரை தடித்தால் சன்னல் உள்ளே போய்விடும், சன்னல் படி குட்டையாகும், மழைநீர் தகட்டுக்குப் பின்னால் இறங்கும். வரைபடம் முடிந்தபின் கிளாடிங் என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? அதனால் மூலை, சன்னல் தலைப்பு, படி ஆகியவற்றின் வெட்டுப்படங்களை இனி முதல் சந்திப்பிலேயே தருகிறோம். முழு அளவு மாதிரிச் சுவரும் செய்து காட்டுகிறோம். 45 டிகிரியில் சேர்த்த மூலையைக் கையால் தடவிப் பார்த்த பிறகு, "மூலையை மூடும் பட்டை வெளியே தெரியுமே" என்ற பேச்சு பெரும்பாலும் அடங்கிவிடுகிறது.

230 மி.மீ. செங்கல் சுவரின் வெளிப்பக்கம் 50 மி.மீ. ராக்வூல் வைத்தால், சுவர் வழியே கடக்கும் வெப்பம் ஏறத்தாழ கால்பங்காகக் குறையும். தகட்டைச் சுவரோடு பிடித்திருக்கும் உலோகப் பிராக்கெட் வழியாகக் கொஞ்சம் நழுவும். அதற்காகத்தான் ஒவ்வொன்றின் அடியிலும் வெப்பத்தடுப்புத் துண்டு வைக்கிறோம். உட்பக்கம் வைத்தால் தளத்தின் விளிம்பு மூடப்படாமல் வெப்பம் அந்த வழியில் வந்துகொண்டேயிருக்கும்.

வதந்தியைக் கேட்டதும் ஒதுங்கிவிடாமல், டிசைனரையும் அழைத்துவந்து எங்களோடு உட்கார வைத்த உங்கள் ஒவ்வொருவருக்கும் மனமார்ந்த நன்றி. அந்த நம்பிக்கையில்தான் இந்தத் தொழில் நடக்கிறது.

ராக்வூல் விலை ஏறியதால் அடுத்த மாதம் முதல் சதுர அடிக் கட்டணம் சற்றுக் கூடும். ஒப்பந்தம் போட்டவர்களுக்குப் பழைய கட்டணமே.

புதிதாகக் கட்டுபவர்கள் சன்னல் ஆர்டர் கொடுக்கும் முன் வரைபடத்தை எங்களுக்கு அனுப்பிவிடுங்கள்.

அன்புடன்,
நிறுவன உரிமையாளர்