டிரைவர கேக்காம ரூட்ட மாத்தலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

களியக்காவிளை தாண்டி கேரளாவுக்கு லோடு ஓட்டுற நம்ம மாவட்டத்து டிரைவர்மாருக்கு ரூட்டு மாறுனாலும் ஷெட்ட வேற ஊருக்கு மாத்துனாலும் முந்தின நாள் ராத்திரி ஒரு போன்ல தான் தெரியுது, முடியாதுன்னா வண்டிய விட்டு இறங்குன்னு சொல்லிருதாங்க. புள்ளைய பள்ளிக்கூடத்துல விடுறது, அம்மைய ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போறதுன்னு வீட்டுக் காரியம் மொத்தமும் தலைகீழாகுது.

அமெரிக்காவுல லாரி டிரைவர்மாரோட டீம்ஸ்டர்ஸ் யூனியன் 1964லயே நாடு முழுக்க ஒரே சரக்கு லாரி ஒப்பந்தம் போட்டாங்க. அந்த முறையில டெர்மினல (லாரி ஷெட்ட) மூடணும், டிரைவர்மார வேற ஊருக்கு மாத்தணும்னா கம்பெனி முதல்ல ஒரு கமிட்டிக்கு எழுதிக் குடுக்கணும், அதுல ரெண்டு தரப்பு ஆளும் உண்டு, சீனியாரிட்டி யாருக்குன்னு விசாரிச்சு தான் முடிவு பண்ணுவாங்க. கமிட்டி கம்பெனி பக்கம் சாயுதுன்னு அங்கயும் தொழிலாளிகளுக்கு கோபம் உண்டு, ஆனாலும் பேச ஒரு இடம் இருக்குல்லா!

இங்கயும் வேலை நேரம், ஷிப்ட் மாத்த 21 நாள் முன்னால நோட்டீஸ் குடுக்கணும்னு 1947 தொழில் தகராறு சட்டத்துலயே இருந்துச்சு, 2020 தொழிலுறவு சட்டத்தொகுப்புலயும் இருக்கு. ஆனா ரெண்டு தரப்பும் சேர்ந்த வொர்க்ஸ் கமிட்டி வைக்க 100 தொழிலாளி வேணுமாம், அஞ்சாறு லாரி வச்சிருக்க ஓனர்கிட்ட 100 பேருக்கு எங்க போக?

அதனால லாரி ஓனர் சங்கமும் டிரைவர் யூனியன்களும் சேர்ந்து மாவட்டத்துக்கு ஒரு பொது கமிட்டி வைக்கணும், நாகர்கோவில்ல உள்ள தொழிலாளர் துறை அதிகாரிங்க இதுக்கு முதல் கூட்டத்த கூட்டித் தரணும்.

இப்படிக்கு,
ஒரு லாரி டிரைவர், மார்த்தாண்டம்