தீமிதிக்குப் பேர் எழுதுறப்பவே பாதத்தையும் பாத்துடுங்க: நம்ம கோயில் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் ஐயா, செயலாளர் அண்ணே, நிர்வாகத்துல இருக்கிற எல்லாருக்கும் வணக்கம்.

நான் மலேசியாவுல, சிலாங்கூர் பத்தாங் பெர்ஜுந்தை பொண்ணு. 2007ல பெஸ்தாரி ஜெயான்னு பேர மாத்திட்டாங்க, போர்டுல எல்லாம் அதான் இருக்கு, ஆனா நம்ம வாயில இன்னும் பழைய பேருதான் வருது. எங்கப்பாவ உங்க எல்லாருக்கும் தெரியும். சின்ன வயசுல தோட்டத்துல பால் வெட்டுனவர், ரப்பர் மரத்த எல்லாம் சாச்சு செம்பனை போட்டதும் குலை வெட்டப் போனவர், விடியக்காலைல பெரட்டுக்கு (தோட்டத்துல ஆள் கணக்கெடுக்கிற கூட்டத்துக்கு) கிளம்புற காலத்துல இருந்தே ஆடி மாசம் அம்மனுக்கு காப்பு கட்டி பூக்குழி இறங்குறவர். போன வருஷமும் இறங்குனார். அன்னைக்கு கயித்து ஓரத்துல நின்னுட்டிருந்த ரெண்டு மூணு அக்காங்க என்கிட்ட வந்து, உங்கப்பா எவ்ளோ நிதானமா நடந்து போனாரு பாத்தியான்னு கண்ணு கலங்கிச் சொன்னாங்க, எனக்கும் பெருமையாதான் இருந்துச்சு.

நாலாவது நாள் வீட்டுல ஒரு வாடை. எலி எங்கயாச்சும் செத்துக் கிடக்குதான்னு அலமாரிக்குப் பின்னாடி எல்லாம் தேடுறேன், கடைசில பாத்தா அது அப்பா கழட்டிப் போட்ட காலுறை. வலது கால் கட்டை விரலுக்குக் கீழ தோல் உரிஞ்சு வெள்ளையா ஊறிப்போயி, நடுவுல கருப்பா ஒரு புள்ளி, சின்ன கரித்துண்டு உள்ளயே தங்கிடுச்சு. நாலு நாளும் அந்தக் காலோடதான் பூட்ஸ் மாட்டிக்கிட்டு ஜாகா வேலைக்கு, அதான் காவல் வேலைக்கு, போயி வந்திருக்கார். வலிக்கலயாப்பான்னு கேட்டா, வலிச்சா சொல்ல மாட்டேனா கண்ணுங்கறார். முதல்ல காட்டுன இடத்துல மருந்து போட்டு கட்டி அனுப்பிட்டாங்க, அடுத்த வாரம் சீழ் எலும்பு வரைக்கும் போயிடுச்சுன்னு ஹாஸ்பிடல்ல சேத்து, கட்டை விரலையும் பக்கத்து விரலையும் எடுத்துட்டாங்க. அப்பா இத உங்க யாருகிட்டயும் சொல்லல. வேலை செய்ற இடத்துல அடிபட்டுச்சுன்னு சொல்லிட்டார், அம்மன் காரியத்துக்கு ஒரு குறை வரக்கூடாதுன்னு.

புண்ணு ஆறுனதும் கிள்ளான்ல ஒரு பொடியாட்ரிஸ்ட்கிட்ட கூட்டிட்டுப் போனேன். நம்ம ஊர்ல இந்தப் பேரே நிறைய பேருக்குத் தெரியாது. பாதம், கணுக்கால், கெண்டைக்கால் இதுக்குன்னே படிச்சு வந்தவங்க. அங்க நடந்தத அப்படியே சொல்றேன், இந்த மடல் எழுதுறதே அதுக்காகத்தான்.

அந்தப் பொண்ணு கையில ஒரு பேனா மாதிரி பிடி, அதோட நுனியில தூண்டில் நரம்பு மாதிரி மெல்லிசா ஒரு நைலான் இழை. அத தோல்ல வச்சு இழை லேசா வளையிற வரைக்கும் அழுத்துனா சரியா 10 கிராம் எடைதான் விழுமாம். முதல்ல அப்பா கையில தொட்டுக் காட்டிட்டு, அங்கிள் கண்ண மூடிக்கங்க, கால்ல தொடறப்போ "ம்"னு சொல்லுங்கன்னாங்க. அப்பா கண்ண மூடிக்கிட்டார். இடது கால்ல, அது நல்ல கால்னு நாங்க நெனச்சுக்கிட்டிருந்த கால், பெருவிரல் நுனி, நடுவிரல், விரலுக்குக் கீழ மேடா இருக்கிற இடம், நடுப் பாதம், குதிகால்னு வரிசையா தொட்டுக்கிட்டே போறாங்க, இழை வளையிறது என் கண்ணுக்குத் தெரியுது, அப்பா வாய் திறக்கல. எல்லாம் முடிஞ்சுது. அப்பா கண்ண மூடுனபடியே, "எப்பம்மா ஆரம்பிக்கப் போற?"ன்னு கேட்டார்.

தலைவர் ஐயா, அந்தக் கேள்வி என் காதுல இருந்து இன்னும் போகல. அப்புறம் 128னு எண் போட்ட ஒரு முள்கரண்டி மாதிரி இரும்ப தட்டி விரல் எலும்பு மேல வச்சாங்க, அந்த அதிர்வும் அவருக்குத் தெரியல. இந்தக் காலதான் ரெண்டு ஆள் நீளத் தணல் மேல இறக்கி விட்டிருக்கோம். சூடு தெரியிற மனுஷன் கால எடுத்து வைக்கிற வேகமே வேற. அப்பாவோட நிதானத்துல பக்தி இருந்துச்சு, அதுல நான் சந்தேகமே படல, ஆனா செத்துப்போன நரம்பும் அதுல இருந்துச்சுன்னு இப்ப எனக்குத் தெரியும்.

அவங்க விளக்குனது இதான். அப்பாவுக்கு இருக்கிறது இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி. அது வருஷக்கணக்கா கட்டுப்பாட்டுல இல்லாம இருந்தா நரம்பு கெடும், ஒடம்புலயே நீளமான நரம்பு காலுக்குப் போறதுதான், அதனால விரல் நுனியில இருந்துதான் முதல்ல மரத்துப்போக ஆரம்பிக்கும். சில பேருக்கு எரிச்சல், ஊசி குத்துற மாதிரி இருக்கும், ஆனா நிறைய பேருக்கு ஒரு அறிகுறியும் இருக்காது, கேட்டா கால் நல்லாதான் இருக்குன்னு சத்தியமே பண்ணுவாங்க. கூடவே வேர்வை சுரக்கிறதும் நின்னுடும், தோல் காஞ்சு பித்தவெடிப்பு வரும், வெடிப்பு வழியா கிருமி போகும். பாதத்துல இருக்கிற சின்னச் சின்ன தசை இளைச்சு விரலெல்லாம் பருந்து நகம் மாதிரி மடங்கும், அப்ப ஒரே இடத்துல பாரம் விழுந்து காய்ப்பு காய்க்கும், காய்ப்புக்கு அடியில ரத்தம் கட்டி புண்ணாகும். அப்பாவோட இடது பாதத்துல கட்டியா மஞ்சளா ஒரு காய்ப்பு இருந்துச்சு, நாங்க அத பூட்ஸ் போட்டு உழைச்ச கால்னு கண்டுக்காம விட்டது. அந்தப் பொண்ணு கத்தி பிளேடால வெங்காயச் சருகு உரிக்கிற மாதிரி ஏடு ஏடா சீவிக்கிட்டே போனாங்க, அடியில காஞ்ச ரத்தம் கருஞ்சிவப்பா. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா இந்தக் காலும் புண்ணாயிருக்கும்னாங்க. சீவி எடுத்து, பாரம் அந்த இடத்துல விழாம இருக்க செருப்புக்குள்ள பள்ளம் வச்ச மெத்தை செஞ்சு கொடுத்தாங்க. கணுக்காலுக்கும் கைக்கும் ரத்த அழுத்தம் எடுத்து ஒப்பிட்டுப் பாத்தாங்க, கணுக்கால் அளவ கை அளவால வகுத்தா 0.9க்குக் கீழ வந்தா காலுக்கு ரத்தம் போற குழாய் அடைச்சிருக்குன்னு அர்த்தமாம். கொஞ்ச தூரம் நடந்தா கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்குது, நின்னா சரியாகுதுன்னு நம்ம பெரியவங்க சொல்றது பல நேரம் இதுதான், வயசாச்சுன்னு விட்டுடாதீங்க, சிகரெட் பிடிக்கிறவங்க முக்கியமா.

இது எங்க வீட்டுக் கதை மட்டும்னா நான் உங்களுக்கு எழுதியிருக்க மாட்டேன். 2019ல சுகாதார அமைச்சு எடுத்த தேசிய ஆய்வுல பெரியவங்கள்ல 18.3 விழுக்காடு பேருக்கு இனிப்பு நீர், இந்தியர்கள மட்டும் எடுத்தா 31.4 விழுக்காடு. மூணு பேர்ல கிட்டத்தட்ட ஒருத்தர், அதுல பல பேருக்கு இருக்கிறதே தெரியாது. பூக்குழி வரிசையில மஞ்சள் வேட்டியோட நிக்கிறவங்கள மனசுல நிறுத்திப் பாருங்க அண்ணே.

அதனால நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான். பேர் எழுதுற நாளே, நோட்டுல பேர் ஏர்றதுக்கு முன்னாடி, மண்டபத்துல ஒரு மேசை போட்டு ஒவ்வொருத்தர் பாதத்தையும் பாக்கணும். தீமிதிய நிறுத்தச் சொல்லல, அம்மன் மேல உள்ள நம்பிக்கைய கேள்வி கேக்கவும் இல்ல, நானும் அந்த அம்மனக் கும்பிட்டு வளந்தவதான். கால்ல உணர்ச்சி இல்லாத ஒருத்தர், தனக்கு அது இல்லன்னே தெரியாம தணல்ல இறங்கக்கூடாது, அவ்வளவுதான்.

இதுக்கு மிஷின் எதுவும் வேணாம். இங்கிலாந்துல இப்ஸ்விச் ஹாஸ்பிடல்ல உருவாக்குன ஒரு சோதனை இருக்கு, நம்ம இளைஞர் பிரிவு பசங்களே செய்யலாம். ஆள கண்ண மூடச் சொல்லிட்டு ஆள்காட்டி விரலால ரெண்டு கால்லயும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிய, மொத்தம் ஆறு இடம், ஒண்ணு ரெண்டு விநாடி லேசா தொடணும். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது, தெரியலன்னா திரும்பத் தொட்டுப் பாக்கவும் கூடாது. ஆறுல ரெண்டோ அதுக்கு மேலயோ தெரியலன்னா அந்தக் காலுக்கு ஆபத்து இருக்குன்னு எடுத்துக்கிட்டு கிளினிக்குக்கு அனுப்பணும். அரசாங்க கிளினிக்ல 1 வெள்ளிதான் (ரிங்கிட்), இனிப்பு நீர் அட்டை வச்சிருக்கிறவங்க கேட்டா அங்கயே கால முறையா சோதிச்சுக் கொடுப்பாங்க. அப்படி திரும்புறவங்களுக்கு வேண்டுதல் வீணாப்போன மாதிரி மனசு நோகாம நீங்கதான் பாத்துக்கணும், வேற வழியில நேர்த்திய முடிக்க குருக்கள் ஐயாகிட்ட கேட்டு முன்கூட்டியே முடிவு பண்ணி மைக்குல சொல்லிட்டீங்கன்னா யாரும் யாரையும் கேவலமா பாக்க மாட்டாங்க.

மேசை போட்டதும் நம்ம ஊர் கால் என்னன்னு உங்களுக்கே தெரியும், ஏன்னா இனிப்பு நீர் இல்லாதவங்களும் காட்டுவாங்க. நாள் பூரா ரப்பர் பூட்ஸ்ல ஊறுற கால்ல விரல் இடுக்குல சேத்துப்புண் இருக்கும், அது பூஞ்சை, களிம்பு போட்டு அரிப்பு நின்னதும் விட்டுடாம சொன்ன நாள் வரைக்கும் போடணும், இடுக்க துணியால ஒத்தி எடுத்து காய வைக்கணும். சில பேருக்கு உள்ளங்கால்ல அம்மை வடு மாதிரி பொடிப்பொடியா குழி விழுந்து நாத்தம் அடிக்கும், அது பூஞ்சை இல்ல, பாக்டீரியா, மருந்து வேற. காலைல எழுந்து வைக்கிற முதல் அடி குதிகால்ல ஆணி அடிச்ச மாதிரி இருக்கும், நாலு அடி நடந்தா குறையும்னு சொல்றவங்களுக்கு பாதத்துக்கு அடியில ஓடுற தசைநார்லதான் பிரச்சன, படுக்கைய விட்டு எறங்குறதுக்கு முன்னாடியே விரல மேல இழுத்துப் பிடிச்சு நீட்டணும், செவுத்துல கை ஊனி கெண்டைக்கால நீட்டணும், தட்டையான ஜப்பான் சிலிப்பர விட்டுட்டு குதிகால் தாங்குற செருப்பு போடணும், பெரும்பாலும் ஆபரேஷன் இல்லாமலே சில மாசத்துல அடங்கிடும். ஆணிக்கால வீட்டுல பிளேடு வச்சு நோண்டாதீங்க, கடையில விக்கிற ஆணி பிளாஸ்டர்ல ஆசிட் இருக்கு, மரத்த கால்ல அத ஒட்டுனா நல்ல தோலையும் அரிச்சு ஓட்டை போட்டுடும். நகத்த ஓரம் வளைச்சு வெட்டாம நேரா வெட்டணும், ஏற்கனவே சதைக்குள்ள ஏறிடுச்சுன்னா பொடியாட்ரிஸ்ட் விரல மரக்க வச்சு அந்த ஓரத்த மட்டும் எடுத்து, திரும்ப வளராம வேர்ல மருந்து வச்சு விட்டுடுவாங்க.

இன்னொன்னு, இத மட்டும் மைக்குலயே சொல்லச் சொல்லிக் கெஞ்சிக் கேக்குறேன். இனிப்பு நீர் உள்ளவங்களுக்கு ஒரு கால் மட்டும் திடீர்னு வீங்கி சிவந்து சூடா இருந்து, வலி பெருசா இல்லன்னா அத சுளுக்குன்னு நெனச்சு தைலம் போட்டு உருவி விடக்கூடாது. உள்ள எலும்பு நொறுங்கிக்கிட்டிருக்கலாம், சார்கோ பாதம்னு சொல்றாங்க. அந்தக் கால ஊனாம உடனே ஹாஸ்பிடல் போனா மாவுக்கட்டு போட்டு வடிவத்தக் காப்பாத்தலாம், உருவிக்கிட்டே நடந்தா பாதம் நடுவுல இறங்கி தொட்டில் மாதிரி ஆயிடும், அப்புறம் எந்தச் செருப்பும் சேராது.

திருவிழா அன்னைக்கும் ரெண்டு ஏற்பாடு வேணும். தேர் சுத்துற தார் ரோட்டுல மதியம் எல்லாரும் வெறுங்கால்ல வர்றாங்க, அதுவே தணல்தான், லாரி தண்ணிய முன்னாடி ஊத்திக்கிட்டே போகச் சொல்லுங்க, பாய் விரிக்க முடிஞ்ச இடத்துல ஈரச் சாக்கு விரிங்க. பூக்குழி ஏறி வர்றவங்களுக்கு பால்குழி தாண்டுனதும் ஒரு குழாய் போட்டு, சுட்டிருந்தா 20 நிமிஷம் ஓடுற சாதா தண்ணியில கால வைக்கச் சொல்லணும், ஐஸ் வேணாம், பற்பசை வேணாம், கிச்சாப் (சோயா சாஸ்) வேணாம். திருநீற நெத்தியில வைங்க, புண்ணுல வைக்க வேணாம். அப்புறம் ஒரு டார்ச் அடிச்சு ஒவ்வொரு பாதத்தையும் பாத்துட்டு வீட்டுக்கு அனுப்புங்க. எங்கப்பாவ அன்னைக்கு யாராச்சும், நானே கூட, பாதத்த திருப்பிப் பாத்திருந்தா அந்தக் கரித்துண்டு அப்பவே கண்ணுல பட்டிருக்கும். நான் பாக்கல. அவர் கால்ல விழுந்து கும்பிட்டேன், பாதத்தோட மேல்பக்கத்த தொட்டு.

போன வாரம் அப்பா என்கிட்ட, இந்த வருஷமும் பேர் கொடுக்கணும்னு சொன்னார். எட்டு விரலோட. நான் சண்டை போடல. இந்த மடல படிச்சுக் காட்டுனேன், கடைசி வரைக்கும் கேட்டுட்டு, கால் விஷயத்த எழுதிக்கோ, அம்மனப் பத்தி மட்டும் ஒரு வார்த்த தப்பா எழுதிடாதேன்னார். அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு, மேசை போட்டாங்கன்னா முதல் ஆளா நானே உக்காருறேன்னார்.

வர்ற ஞாயித்துக்கிழமை கூட்டம்னு கேள்விப்பட்டேன். அப்பாவ கூட்டிட்டு வர்றேன். ரெண்டு நாற்காலியும் ஒரு டார்ச்சும் எங்க வீட்டுலயே இருக்கு, எடுத்துட்டு வந்துடுறேன். ஆறு விரல எப்படித் தொடணும்னு பசங்களுக்கு அப்பா கால்லயே காட்டித் தர்றேன், அவருக்கு மிச்சம் இருக்கிறது அஞ்சுதான், ஆனா கத்துக்க அது போதும்.

இப்படிக்கு,
பழைய லயத்து வரிசையில வளந்த உங்க ஊர்ப் பொண்ணு