இணைப்பு கொடுத்தீர்கள், முறையிட ஓர் இடமும் கொடுங்கள்

இணைய வசதிக்கும் சைபர் பாதுகாப்புக்குமான சர்வதேச மேம்பாட்டுத் திட்டங்களை வகுக்கும் ஆலோசகர்களுக்கும், அவற்றுக்கு நிதி வழங்கும் அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

நீங்கள் வகுத்துத் தரும் திட்டங்களில் களப் பயிற்றுநராக வேலை செய்கிறேன். முதன்முதலாக ஸ்மார்ட்போனைக் கையில் எடுப்பவர்களுக்கு அதைப் பழக்கிவிடுவது என் பொறுப்பு. அண்மையில் ஒரு திட்டத்தின் இறுதி அறிக்கை படிக்கக் கிடைத்தது. இணைப்பு பெற்றோர், பயிற்சி பெற்றோர், அதில் பெண்கள் எத்தனை சதவீதம் என்று எல்லாக் கட்டங்களும் இலக்கைத் தாண்டியிருந்தன. அந்தக் கணக்கில் பயனாளியாகச் சேர்க்கப்பட்டிருக்கும் ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். அவர் இப்போது இணையத்தைத் தொடுவதே இல்லை. ஏன் என்று உங்கள் அறிக்கை கேட்கவில்லை. அதனால் நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

பாடத்தில் சொன்ன எதையும் அவர் மீறவில்லை. ஓடிபியை யாரிடமும் சொல்லவில்லை, தெரியாத லிங்க் எதையும் திறக்கவில்லை. ஒரு நாள் மாலை அவர் போனில் சிக்னல் போனது. டவர் கோளாறு என்று விட்டுவிட்டார். அவர் இருக்கும் பகுதியில் சிக்னல் போவதும் வருவதும் அன்றாடம் நடப்பதுதான். போனை அணைத்துப் போட்டுப் பார்த்தார், சிம்மைக் கழற்றித் துடைத்து மறுபடி செருகினார், காலையில் வந்துவிடும் என்று படுத்துவிட்டார். அதற்குள் அவருடைய விவரங்களைக் காட்டி வேறொருவர் அதே எண்ணுக்கு மாற்று சிம் வாங்கியிருந்தார். வங்கி அனுப்பிய ஓடிபி எல்லாம் அந்த சிம்முக்குப் போனது. அவருக்கு விஷயம் தெரிந்தபோது கணக்கில் ஒன்றும் மிச்சமில்லை.

நான் உங்களைக் கவனிக்கச் சொல்வது அந்த சிக்னலைத்தான். நாள் முழுக்க நெட்வொர்க் ஒழுங்காகக் கிடைக்கும் இடத்தில் இருப்பவருக்குத் திடீரென்று சிக்னல் போனால் சந்தேகம் தட்டும். போய்ப் போய் வருவதற்குப் பழகியவருக்குத் தட்டாது. அரைகுறை இணைப்பே திருடியவருக்கு ஓர் இரவு அவகாசம் வாங்கித் தந்தது. இணைப்புக்கு ஒரு திட்டம், பாதுகாப்புக்கு இன்னொரு திட்டம், ஒவ்வொன்றுக்கும் தனி அமைச்சகம், தனி ஆலோசகர், தனி வரவுசெலவு என்று நீங்கள் பிரித்து வைத்திருக்கிறீர்கள். அந்த இரண்டுக்கும் நடுவில்தான் அவர் விழுந்தார்.

பிறகு நடந்தது இன்னும் மோசம். புகாருக்கென்று ஓர் இணையதளம் இருந்தது. அவருக்குப் படிக்கத் தெரிந்த மொழியில் அது இல்லாததால் நான் பக்கத்தில் உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்தேன். பெயர், முகவரி, தேதி, பரிவர்த்தனை எண் எல்லாம் போட்டு முடித்ததும், உங்கள் கைபேசி எண்ணுக்கு அனுப்பிய ஓடிபியை உள்ளிடவும் என்று கேட்டது. எந்த எண் பறிபோனது என்று புகார் எழுதுகிறோமோ, அதே எண்ணுக்கு! அந்த ஓடிபியும் திருடியவர் கைக்கே போயிற்று. அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்தார். என்னிடம் பதில் இல்லை.

வங்கியில் காவல்துறைப் புகாரின் நகலைக் கேட்டார்கள். காவல்துறையில் வங்கியின் கணக்கு விவரத்தைக் கேட்டார்கள். தொலைத்தொடர்பு நிறுவனம், எண்ணுக்கு உரியவரே நேரில் வர வேண்டும் என்றது. நேரில் போய் நின்றபோது, உரியவர் கேட்டுத்தான் சிம் மாற்றிக் கொடுத்ததாகப் பதிவில் இருக்கிறது என்றது. உரியவர் எதிரில் நின்றுகொண்டிருந்தார்.

இப்போது அவர் போனைப் பேச மட்டும் வைத்திருக்கிறார். அவர் கதை தெரிந்த மற்றப் பெண்களும் ஒவ்வொருவராகப் போனை என்னிடம் கொடுத்துப் பணச் செயலிகளை நீக்கச் சொன்னார்கள். நிறுவிக் கொடுத்த நானே நீக்கியும் கொடுத்தேன். உங்கள் அறிக்கையில் அவர்கள் எல்லோரும் இன்னமும் இணைக்கப்பட்டவர்கள்.

எனவே என் கோரிக்கை ஒன்றே ஒன்று. இணைப்புக்கு நிதி ஒதுக்கும் ஒவ்வொரு திட்டத்திலும், அதே வரவுசெலவில், ஏமாற்றப்பட்டவர்கள் முறையிடவும் உதவி பெறவும் ஓர் இடத்துக்கு நிதி ஒதுக்குங்கள்.

இது உங்களுக்குத் தெரியாத விஷயம் என்று நான் நினைக்கவில்லை. குறுஞ்செய்தி வழி ஓடிபியின் பலவீனம் பழைய செய்தி. அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களிலேயே, தொலைபேசி வழியாகக் குறியீடு அனுப்பிச் சரிபார்ப்பதைக் ஆபத்து உள்ளதால் கட்டுப்பாட்டோடு மட்டுமே பயன்படுத்த வேண்டிய முறையாக வகைப்படுத்தி, அதைக் கையாள்வோர் மாற்று வழி ஒன்றும் தர வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. நாடுகளின் சைபர் திறனை அளக்க ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக மையம் உருவாக்கிய முதிர்ச்சி மாதிரி உங்களுக்குப் பழக்கமானதுதான். அதன் ஐந்து பரிமாணங்களில் ஒன்று சமூகத்தையும் பண்பாட்டையும் பற்றியது. அதற்குள் புகார் தெரிவிக்கும் வழிமுறைகள் என்று தனிக் கூறே இருக்கிறது. 2023 நவம்பரில் கானாவின் தலைநகர் அக்ராவில் நடந்த சைபர் திறன் வளர்ப்பு மாநாட்டில் வெளியான அறைகூவலும் சைபர் பாதுகாப்பை மேம்பாட்டுப் பணிகளோடு சேர்க்கத்தான் சொன்னது. மதிப்பீட்டிலும் மாநாட்டிலும் இடம்பெறுவது, பணம் ஒதுக்கும் நேரத்தில் மட்டும் எப்படிக் காணாமல் போகிறது?

முறையீட்டுக்கு வழி செய்வதும் உங்களுக்குப் புதிதல்ல. உலக வங்கியின் சுற்றுச்சூழல், சமூகக் கட்டமைப்பு 2018 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அதன் பத்தாவது தரநிலைப்படி, வங்கியின் முதலீட்டில் நடக்கும் திட்டத்தால் பாதிக்கப்படுவோருக்கு ஒரு குறைதீர்ப்பு ஏற்பாடு இருந்தாக வேண்டும். நல்ல விதி. ஆனால் நான் பார்த்த திட்டங்களில் அது கட்டுமானத்தோடு நின்றுவிடுகிறது. டவருக்காகப் பள்ளம் தோண்டும்போது ஒருவர் வேலி சரிந்தால் மனு கொடுக்கப் படிவம் உண்டு, பதிவேடு உண்டு, பதில் சொல்ல ஆள் உண்டு. அதே டவர் கொண்டுவந்த இணைப்பு வழியாக ஒருவரின் சேமிப்பு மொத்தமும் போனால் அது திட்டத்தின் பாதிப்பாகக் கருதப்படுவதில்லை. எந்த நியாயத்தில் என்று எனக்குப் புரியவில்லை.

இந்த மாதிரிச் சம்பவங்களைச் சொன்னால் வழக்கமாக வரும் பரிந்துரை, விழிப்புணர்வுப் பயிற்சியை அதிகப்படுத்துங்கள் என்பது. பயிற்சி தருபவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்தப் பரிந்துரை எனக்குக் கோபமூட்டுகிறது. சிம் மாற்றிக் கொடுத்தது நிறுவனம். ஓடிபியை மட்டும் நம்பியது வங்கி. எல்லாவற்றிலும் சரியாக நடந்துகொண்டவர் அந்தப் பெண் ஒருவர்தான். அவருக்கு இன்னும் என்ன விழிப்புணர்வு தருவது?

அரசுகளின் கணினிகளைக் காக்கச் செலவிட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2022-இல், கணினிகளை முடக்கிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேர் தாக்குதலால் மத்திய அமெரிக்க நாடான கோஸ்ட்டா ரிகாவின் நிதி அமைச்சகம் முடங்கியதும், புதிதாகப் பதவியேற்ற அதிபர் தேசிய அவசரநிலை அறிவித்ததும், அதே ஆண்டு மே மாத இறுதியில் அந்நாட்டின் பொது மருத்துவ அமைப்பே தாக்கப்பட்டதும் நாம் எல்லோரும் பார்த்ததுதான். அந்த ஆண்டு நவம்பரில் சைபர் தாக்குதலால் பசிபிக் தீவு நாடான வனுவாட்டுவின் அரசு ஊழியர்கள் பேனாவுக்கும் காகிதத்துக்கும் திரும்ப வேண்டியிருந்தது. அங்கெல்லாம் உதவி போக வேண்டும். ஆனால் ஒரு அமைச்சகம் தாக்கப்பட்டால் நிபுணர் குழு விமானத்தில் வந்து இறங்குகிறது. அதே திட்டங்களால் இணையத்துக்குள் வந்த ஏழை ஒருவர் தாக்கப்பட்டால், எடுத்துப் பேச ஒரு தொலைபேசிகூட இல்லை. சைபர் தாக்குதல்களைக் கையாளும் தேசிய அவசரகாலக் குழுக்கள் பெரும்பாலும் நிறுவனங்களுக்காகவே அமைக்கப்படுகின்றன, தனிமனிதர் அங்கே போய் நிற்பது அரிது.

சொல்ல ஆரம்பித்தால் இன்னும் நிறைய வருகிறது. சில நாள் பயிலரங்கு முடிந்ததும் சான்றிதழோடு முடிந்துபோகும் திறன் வளர்ப்பு. பயிற்சி பெற்ற இளைஞர் நல்ல சம்பளத்துக்குத் தனியார் வேலைக்குப் போனதும் காலியாகிவிடும் நாற்காலி. யாருக்காகத் திட்டமோ அவர்கள் மொழியில் ஒருநாளும் வெளிவராத அறிக்கை. மிகப் பின்தங்கிய நாடுகளில் எல்லோருக்கும் கட்டுப்படியான இணையம் தர 2020-க்குள் பாடுபடுவதாக ஐ.நா.வின் நீடித்த வளர்ச்சி இலக்குகளில் 2015-இல் எழுதினார்கள். 2020 வந்தது, போயிற்று. உலகில் சுமார் 220 கோடிப் பேர் இன்னும் இணையத்துக்கு வெளியே இருப்பதாக ஐ.நா. அமைப்பான சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2025-இல் மதிப்பிட்டது. அவர்களையும் உள்ளே கொண்டுவரத்தான் போகிறீர்கள், கொண்டுவரவும் வேண்டும். உள்ளே வந்து ஒருமுறை அடிபட்டு வெளியே போனவரை மறுபடி அழைத்து வருவது எவ்வளவு கஷ்டம் என்று எங்களைப் போன்ற களப் பணியாளர்களைக் கேட்டால் தெரியும்.

மன்னிக்கவும், கோரிக்கைக்குத் திரும்புகிறேன். அந்த உதவி மையம் பெரிய கட்டடமாக இருக்க வேண்டியதில்லை. அந்த மக்களின் மொழியில், குரல் வழியாகவும் நேரிலும் அணுக முடிந்தால் போதும். பறிபோன எண்ணுக்கே ஓடிபி அனுப்பாமல், வேறு வழியில் ஆளை அடையாளம் கண்டு புகாரைப் பதிய வேண்டும். இரவிலும் கணக்கை முடக்கச் சொல்லும் அதிகாரம் அதற்கு வேண்டும், ஏனென்றால் திருடப்பட்ட பணம் விடியும்வரை ஒரே கணக்கில் காத்திருப்பதில்லை. ஒருமுறை கொடுத்த புகாரே வங்கிக்கும் தொலைத்தொடர்பு நிறுவனத்துக்கும் காவல்துறைக்கும் போய்ச் சேர வேண்டும். திட்டக் காலம் முடிந்த பிறகு அதை யார் நடத்துவது, எந்தப் பணத்தில் நடத்துவது என்பதை முதல் ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். அது உள்நாட்டு அரசின் பொறுப்பு என்று நீங்கள் சொல்லலாம். ஒப்புக்கொள்கிறேன். கொள்முதலுக்கும் தணிக்கைக்கும் அரசுகளிடம் நிபந்தனை எழுதி வாங்குகிறீர்களே, இதையும் எழுதி வாங்குங்கள்.

இறுதி அறிக்கையின் கட்டங்களையும் மாற்றுங்கள். எத்தனை பேருக்கு இணைப்பு தந்தோம் என்பதோடு, ஓராண்டு கழித்து அவர்களில் எத்தனை பேர் இன்னும் பயன்படுத்துகிறார்கள், எத்தனை பேர் புகார் கொடுத்தார்கள், எத்தனை பேருக்குப் பணம் திரும்பியது, எவ்வளவு நாளில் திரும்பியது என்பதையும் கேளுங்கள். கேட்கப்படும் என்று தெரிந்தால்தான் அதற்கான வேலை நடக்கும்.

புதிய திட்ட வரைவுகள் உங்கள் மேசைக்கு வந்துகொண்டேதான் இருக்கும். இணைப்புக்கான தொகைக்குக் கீழே, முறையிடும் இடத்துக்கான தொகையும் ஆட்களும் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஒப்புதல் தராமல் திருப்பி அனுப்புமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் திட்டங்களின் களப் பயிற்றுநர் ஒருவன்