டெல்லி கணேஷுக்குப் போர்த்திய கொடி: நடிகர் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

தென்னிந்திய நடிகர் சங்கத்தின் நிர்வாகிகளுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

2024 நவம்பர் 9 இரவு நடிகர் டெல்லி கணேஷ் காலமானார். மறுநாள் அஞ்சலி செலுத்த வந்தவர்களில் விமானப்படையினரும் இருந்தார்கள். அவர் உடல் மேல் விமானப்படைக் கொடியைப் போர்த்தி மரியாதை செய்தார்கள். டிவியில் அதைப் பார்த்துக்கொண்டிருந்த என் மகள், "இவருக்கு எதுக்குப்பா ஏர்ஃபோர்ஸ் கொடி?" என்று கேட்டாள். அவளுக்கு அவரை 'மைக்கேல் மதன காமராஜன்' படத்துப் பாலக்காட்டு மணி ஐயராகத் தெரியும். 'சிந்து பைரவி' படத்து மிருதங்க வித்வான் குருமூர்த்தியாகத் தெரியும். சீருடை போட்டவராகத் தெரியாது.

அவளைக் குறை சொல்ல முடியாது. அன்று வந்த இரங்கல் செய்திகளில் பெரும்பாலானவை நானூறு படங்களுக்கு மேல் நடித்தவர், கலைமாமணி விருது பெற்றவர் என்று பேசிவிட்டு, விமானப்படையை ஒரு வரியில் தாண்டிப் போயின. 1964 முதல் 1974 வரை பத்து வருடம் அவர் அங்கே இருந்தார். அந்தப் பத்து வருடத்துக்குள் 1965 போரும் வருகிறது, 1971 போரும் வருகிறது. வல்லநாட்டிலிருந்து போன பையன் இருபது வயதிலிருந்து முப்பது வயது வரை கழித்த காலம் அது. டெல்லியில் இயங்கிய தட்சிண பாரத நாடக சபாவில் அவர் நடித்ததும், பிற்பாடு கே. பாலசந்தர் அவர் பெயருக்கு முன்னால் 'டெல்லி' சேர்த்ததும் நமக்குத் தெரிந்த கதை. விமானப்படை வேலை அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்த ஊர்தான் அந்த டெல்லி. நாற்பத்தைந்து வருடத்துக்கும் மேல் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டோம், அதற்குள் ஒரு படைவீரன் இருந்ததைப் பலரும் கவனிக்கவில்லை.

விமானப்படை அவரை மறக்கவில்லை. வேலையை விட்டு ஐம்பது வருடம் கழித்தும் கொடியோடு வந்தார்கள். எங்கேயோ ஒரு பதிவேட்டில் அவர் பெயர் இருக்கிறது, அதனால் வந்தார்கள். திரைத்துறையிடம் அப்படி ஒரு பதிவேடு இருக்க வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல். படையில் இருந்துவிட்டு நடிக்க வந்தவர்கள், போர்க்காலத்தில் படைவீரர்களுக்காக முனைக்குப் போய்ப் பாடியவர்கள், ஆடியவர்கள், சிரிக்க வைத்தவர்கள், வாத்தியம் வாசித்தவர்கள் எல்லார் பெயரும் அதில் இருக்க வேண்டும்.

எனக்கு இதில் ஏன் இவ்வளவு அக்கறை என்று சொல்லிவிடுகிறேன். என் அப்பா தரைப்படையில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். 1971 டிசம்பர் 17-ல் போர் நிறுத்தம் வந்தாலும் மேற்கு முனையில் படைகள் உடனே வீடு திரும்பவில்லை. மாதக்கணக்கில் அங்கேயே கிடந்தார்கள். அந்தக் குளிர்காலத்தில் ஒரு மாலை அப்பா இருந்த முகாமுக்கு ஒரு கலைக்குழு வந்தது. இரண்டு லாரிகளின் பின்பக்கத்தை ஒன்றோடொன்று சேர்த்து நிறுத்தி, பலகைகளை இறக்கிவிட்டு அதுதான் மேடை. முன்னால் தார்ப்பாயில் இவர்கள் கம்பளியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

குழுவில் ஒரு பாடகி இருந்தாராம், ஒரு சிரிப்பு நடிகர் இருந்தாராம். அவர்களைப் பற்றி அப்பா அதிகம் சொன்னதில்லை. அவர் திரும்பத் திரும்பச் சொன்னது டோலக் வாசித்தவரைப் பற்றி. பனி ஈரத்தில் டோலக்கின் தோல் தளர்ந்துபோய், தட்டினால் சத்தமே எழவில்லை. அந்த மனிதர் ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் கீழே இறங்கி, குளிர் காய மூட்டியிருந்த புகாரி அடுப்புப் பக்கம் போய், டோலக்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் திருப்பிக் காட்டிச் சூடேற்றிக்கொண்டு வருவாராம். தோல் இறுகியிருக்கிறதா என்று காதை வைத்து ஒரு தட்டு தட்டிப் பார்த்துவிட்டுத்தான் மேலே ஏறுவாராம். விரல் நுனிகள் குளிரில் வெடித்திருந்தன. சிப்பாய் ஒருவர் தன் கையுறையைக் கழற்றிக் கொடுத்தபோது, "இதைப் போட்டுக்கிட்டு எப்படி வாசிக்கறது?" என்று ஹிந்தியில் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். அவர் பெயர் என்ன என்று நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அப்பாவுக்குத் தெரியவில்லை. கேட்டுக்கொள்ளவில்லையே என்ற வருத்தம் அவருக்குக் கடைசிவரை இருந்தது.

நட்சத்திரங்களை எப்படியோ யாராவது நினைவு வைத்துக்கொள்கிறார்கள். சுனில் தத்தும் நர்கீஸும் அஜந்தா ஆர்ட்ஸ் என்ற குழுவைக் கட்டி, எல்லையின் மூலை முடுக்குகளுக்கெல்லாம் கலைஞர்களைக் கூட்டிக்கொண்டு போனார்கள். 1971 போர் முடிந்ததும் டாக்கா வரைக்கும் போய் நிகழ்ச்சி நடத்தினார்கள். ஜீலம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, பிரிவினையில் ஊரை இழந்து வந்தவர் சுனில் தத். அப்படிப்பட்டவர் எல்லையில் நிற்கும் பையன்களுக்கு முன்னால் போய் நின்றதற்குத் தனி அர்த்தம் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். 2005-ல் அவர் மறைந்தபோது பலர் இதை எழுதினார்கள். சரி, அந்தக் குழுக்களில் தபலா வாசித்தவர்கள் யார்? ஒலிபெருக்கியைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் யார்?

விவித பாரதி வானொலியின் ஜெய்மாலா நிகழ்ச்சி இன்னொரு உதாரணம். படைவீரர்களுக்காகவே ஓடிய அந்த நிகழ்ச்சியில் சனிக்கிழமைகளில் திரைக் கலைஞர்கள் வந்து பேசுவார்கள். முனைக்கு நேரில் போகாமல் குரலை மட்டும் அனுப்பினார்கள். பதுங்குகுழியில் டிரான்சிஸ்டரைக் காதோடு ஒட்டி வைத்திருந்தவனுக்கு அதுவும் ஆள் நேரில் வந்த மாதிரிதான்.

மற்ற நாடுகளில் இதை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதையும் நீங்கள் யோசிக்க வேண்டும். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் பாடகி வேரா லின் 1944-ல் பர்மா முனைக்குப் போய்ப் பாடினார். அங்கே போரிட்ட 14-ஆவது படையில் பெரும்பாலானோர் இந்தியர்கள், ராணுவப் பொறியாளர் பிரிவான நம் மெட்ராஸ் சாப்பர்களும் அதில் உண்டு. போர் முடிந்து நாற்பது வருடம் ஆன பிறகு, 1985-ல், படைவீரர்களுக்குத் தரும் பர்மா ஸ்டார் பதக்கத்தை அவருக்குக் கொடுத்தார்கள். பாப் ஹோப் சீருடை போட்டவர் இல்லை, நகைச்சுவை நடிகர். அவரை 1997-ல் அமெரிக்க நாடாளுமன்றம் கௌரவ முன்னாள் படைவீரர் என்று அறிவித்தது. இசைக்குழுத் தலைவர் கிளென் மில்லர் 1944 டிசம்பர் 15-ல் படைவீரர்களுக்காக வாசிக்கப் பாரிஸுக்குக் கிளம்பினார், அவர் போன விமானம் ஆங்கிலக் கால்வாயில் காணாமல் போனது. கலைஞனும் போரில் உயிரைக் கொடுக்கிறான் என்பதை அவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். நம்மிடமோ யுத்த நிதிக்கு நடிகர்கள் கொடுத்த பணத்தின் கதை இருக்கிறது, நகையைக் கழற்றிக் கொடுத்த கதை இருக்கிறது. அதெல்லாம் பெரிய மனது, மறுக்கவில்லை. ஆனால் குளிரில் போய் நின்றவர்களின் கதை அந்தந்தக் குடும்பத்தின் அலமாரிக்குள்ளேயே கிடக்கிறது.

எனவே என் கோரிக்கை இதுதான். சங்கத்தின் பழைய உறுப்பினர் கோப்புகளில் யார் யார் முப்படையில் பணியாற்றினார்கள் என்று முதலில் பாருங்கள். நடிகர் கேப்டன் ராஜு ராணுவத்தில் உண்மையாகவே அதிகாரியாக இருந்தவர். 2018-ல் மறைந்தார். நடிகர் மேஜர் சுந்தரராஜனுக்கு அந்த 'மேஜர்' ஒரு நாடகம் கொடுத்த பட்டம். இந்த வித்தியாசம்கூட இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்லத் தெரியவில்லை. அப்புறம், இசைக் கலைஞர்கள் சங்கத்தையும் நடனக் கலைஞர்கள் சங்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முனைக்குப் போனவர்களில் பாதிப்பேர் அவர்கள் ஆட்களாகத்தான் இருப்பார்கள். 1965-ல் இருபது வயதாக இருந்த ஒரு வயலின்காரர் இன்று உயிரோடிருந்தால் எண்பதைத் தாண்டியிருப்பார். அவரிடம் போய் உட்கார்ந்து கேட்க நமக்கு நிறைய நாள் இல்லை. ஒரு செல்போனும் பொறுமையும் போதும், பெரிய செலவு இல்லை. இந்த வேலையை மட்டும் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

ஹபிபுல்லா சாலையில் சங்கத்தின் புதிய கட்டடத்தில் இந்தப் பெயர்களுக்கென்று ஒரு சுவர் ஒதுக்குங்கள். எழுத்து பெரிய ஆள், சின்ன ஆள் என்று பார்க்காமல் ஒரே அளவில் இருக்கட்டும். டிசம்பர் 7 கொடிநாள். வருடத்தில் அந்த ஒரு நாளாவது முன்னாள் படைவீரர் குடும்பங்களைக் கூப்பிட்டு அந்தச் சுவருக்கு முன்னால் நிறுத்துங்கள். எங்களைப் போன்றவர்கள் நிச்சயம் வருவோம். முதல் பெயராக டெல்லி கணேஷைப் போட்டால், என் மகள் கேட்ட கேள்விக்கு அங்கேயே பதில் இருக்கும்.

அப்பாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் இருக்கிறது. லாரி மேடை, அதன் ஓரத்தில் டோலக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒல்லியான ஒரு மனிதர். முகம் பாதி நிழலில் இருக்கிறது. பின்பக்கம் அப்பா பென்சிலால் 'டோலக்காரர்' என்று மட்டும் எழுதியிருக்கிறார். நீங்கள் பதிவேட்டைத் தொடங்கும் அன்று அந்தப் படத்தை நானே நேரில் கொண்டுவந்து தருகிறேன். பழைய கலைஞர்கள் நாலு பேர் கையில் அது போனால், யாராவது ஒருவர் அவர் பெயரைச் சொல்லக்கூடும்.

அன்புடன்,
ஒரு ஹவில்தாரின் மகன்