காஞ்சி என்றால் பருத்திக்குன்றமும் சேர்த்துத்தான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காஞ்சிபுரத்துக் கோயில்களைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கைலாசநாதர் கோயிலையும் வைகுண்டப் பெருமாள் கோயிலையும் கட்டுரையாளர் ஆழ்ந்து பார்த்து எழுதியிருக்கிறார். ஆனால் சிவகாஞ்சி, விஷ்ணுகாஞ்சி இரண்டோடும் நிறுத்திக்கொண்டார். வேகவதி ஆற்றங்கரையில் சமணரின் காஞ்சியாக, ஜினகாஞ்சியாக விளங்கும் திருப்பருத்திக்குன்றத்துக்கு ஒரு வரிகூட இல்லை. காஞ்சியைப் பற்றி எழுதும் பலரும் இப்படியே கடந்துபோவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பருத்திக்குன்றம் காஞ்சியின் பெருமைக்குப் பின்னால் வந்த ஊர் அல்ல. கைலாசநாதர் கோயில் எழுவதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்பே, அவ்வூரின் சமண முனிவர் வச்சிரநந்திக்குப் பல்லவன் சிம்மவர்மன் தானம் அளித்ததைப் பள்ளன்கோயில் செப்பேடு சொல்கிறது. அங்கே சந்திரபிரபர் என்ற சமணத் தீர்த்தங்கரருக்குள்ள கோயில் சிறியதுதான். ஆனால் மணற்கல் சுவரும், தூண்களைத் தாங்கும் சிங்கங்களும், மேல்தளத்தில் அமைந்த கருவறையும் பல்லவர் கைவண்ணத்தை உடனே காட்டிவிடும். பக்கத்திலுள்ள திரைலோக்கியநாதர் கோயில் பெரியது. அங்கே வர்த்தமானர் என்னும் மகாவீரரின் சன்னதி பின்புறம் வளைந்த தூங்கானை மாடமாக அமைந்திருக்கிறது. முதலாம் குலோத்துங்கன் முதல் கிருஷ்ணதேவராயர் வரை பல அரசர் காலத்துக் கல்வெட்டுகள் அங்கே உண்டு.

அக்கோயிலின் சங்கீத மண்டபத்தை 1387-88இல் கட்டியவர் விஜயநகரப் படைத்தலைவர் (தண்டநாயகர்) இருகப்பர். தம் குரு புஷ்பசேனரின் சொற்படி கட்டினார். ஹம்பியில் குந்துநாதருக்குக் கோயில் எடுத்தவரும் இவரே. 'நானார்த்த ரத்னமாலா' என்ற வடமொழி நிகண்டை இயற்றியவரும் இவரே. போர்த்தொழில் செய்தவர் இசைக்கென்று ஒரு மண்டபம் கட்டியதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர்மீது மரியாதை கூடுகிறது.

அந்த மண்டபத்து விதானத்தைத்தான் தங்கள் வாசகர்கள் அண்ணாந்து பார்க்க வேண்டும். தீர்த்தங்கரர்களான ரிஷபதேவர், வர்த்தமானர், நேமிநாதர் ஆகியோரின் வரலாறுகள் வரிசை வரிசையாகத் தீட்டப்பட்டுள்ளன. சமண மரபில் கண்ணன் நேமிநாதரின் உறவினர். ஆகவே கண்ணனின் இளமைக் கதையும் அருகன் கோயில் விதானத்தில் வந்துவிடுகிறது. அக்னிலை என்ற இல்லத்தரசி தருமதேவி என்னும் சமண இயக்கியான கதையும் இருக்கிறது. காட்சிகளுக்குக் கீழே தமிழில் விளக்கம் எழுதியிருக்கிறார்கள். வருகிறவர் படித்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று அன்றைய ஓவியர்களுக்கு இருந்த அக்கறை அது. இன்றோ பல இடங்களில் வண்ணம் மங்கி, எழுத்தும் தேய்ந்து வருகிறது.

டி.என். ராமச்சந்திரன் இக்கோயில்களை விரிவாக ஆராய்ந்து எழுதிய ஆங்கில நூலைச் சென்னை அரசு அருங்காட்சியகம் 1934இல் வெளியிட்டது. இப்போதுள்ள ஓவியங்களை அந்நூலோடு ஒப்பிட்டு, ஒவ்வொரு காட்சியையும் ஒவ்வொரு தமிழ் வரியையும் படமெடுத்துப் பதிவு செய்ய வேண்டும். மங்கிய ஓவியத்தின் மேல் புது வண்ணம் பூசுவதை எக்காரணம் கொண்டும் அனுமதிக்கக் கூடாது. பூசிய பிறகு பழைய ஓவியக் கோடுகளை மீட்க முடியாது. எது எந்தக் கதை என்று சொல்லும் எளிய தமிழ்க் கையேடு ஒன்று கோயில் வாசலிலேயே கிடைக்க வேண்டும்.

கோயிலின் பின்புறமுள்ள குரா மரத்தையும் காணத் தவறக் கூடாது. அது வளர்வதும் இல்லை குறைவதும் இல்லை, மன்னன் செங்கோலின் நன்மையைக் காட்டுவது என்று பழைய வெண்பா ஒன்று போற்றுகிறது. இங்கிருந்த சமண மடம் செஞ்சிப் பக்கத்து மேல்சித்தாமூருக்கு இடம் மாறிய பிறகும் ஜினகாஞ்சி மடம் என்றே வழங்குகிறது. தமிழ்ச் சமணர்கள் இன்றும் இங்கே வழிபட வருகிறார்கள்.

ஆகவே அடுத்த இதழிலேயே திருப்பருத்திக்குன்றத்துக்குத் தனிக் கட்டுரை ஒதுக்குமாறும், அதில் விதான ஓவியங்களை வண்ணப் படங்களாக, அவற்றின் தமிழ் வரிகள் தெரியும்படி வெளியிடுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
வாசகர் ஒருவர்,
செய்யாறு