மாணிக்கவாசகர் செய்ததும் கலப்புதான்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பில் கலப்பிசை ஆல்பங்கள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். 1986-இல் வந்த இளையராஜாவின் 'ஹௌ டு நேம் இட்' ஆல்பத்துக்கு அவ்வளவு இடம் கொடுத்தது நியாயம்தான். ஆனால் 2005-இல் வந்த அவருடைய 'திருவாசகம்' சிம்பொனியை, பக்திப் பாட்டுக்கு மேற்கத்தியச் சட்டை மாட்டிய முயற்சி என்ற பொருளில் ஒரே வரியில் கட்டுரையாளர் கடந்துவிட்டார். ஆல்பம் வந்தபோது கேட்ட பேச்சு இது. இன்னுமா?

மாணிக்கவாசகரின் திருவாசகத்தைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். 51 பதிகங்களில் அம்மானை, பொற்சுண்ணம், கோத்தும்பி, தெள்ளேணம், சாழல், பூவல்லி, தோள்நோக்கம், பொன்னூசல் என்று வரிசையாக வருகின்றன. பெண்கள் காய் வீசிப் பிடிக்கும்போதும், வாசனைப் பொடி இடிக்கும்போதும், பூப் பறிக்கும்போதும், ஊஞ்சல் ஆடும்போதும் பாடிய பாட்டு வகைகள் இவை. பாண்டியனிடம் அமைச்சராக இருந்தவர், படித்தவர், அந்த வகைகளை எடுத்து அவற்றில் சிவனைப் பாடினார். அந்தக் காலத்தில் இதையும் யாராவது முகம் சுளித்துக் கேட்டிருக்கலாம், யார் கண்டது. இளையராஜா எடுத்துக்கொண்ட ஆறு பாடல்களில் 'முத்துநற்றாமம்' பொற்சுண்ணத்திலிருந்தும், 'பூவேறு கோனும்' கோத்தும்பியிலிருந்தும் வருகின்றன. கலந்து பாடியவரைக் கலந்தே பாடியிருக்கிறார், அவ்வளவுதான். இந்த ஆல்பம் சிம்பொனியா, இல்லை கோரஸும் இசைக்குழுவும் சேர்ந்து பாடும் ஒரட்டோரியோவா என்ற சண்டையில் எனக்கு அக்கறை இல்லை.

கட்டுரையில் விட்டுப்போன இன்னொன்று, இந்த ஆல்பம் எதைப் பற்றியது என்பது. குதிரை வாங்கப் போன அமைச்சர் திருப்பெருந்துறையில் குருந்த மரத்தடியில் குருவைக் கண்டு வேறு ஆளாகத் திரும்பிய கதை நமக்குத் தெரியும். ஆனால் ஒரே நாளில் எல்லாம் மாறிவிட்டதாக அவர் பாட்டுகளில் எங்கும் இல்லை. கிடைத்துவிட்டது என்பார், அடுத்த பதிகத்திலேயே நான் பொய்யன் என்று அழுவார். இந்த ஏற்ற இறக்கத்தை ஆல்பம் பிடித்திருக்கிறது. தொடங்குவதே 'பூவார் சென்னி மன்னன்' பாடலில். அது 45-ஆவது பதிகமான யாத்திரைப் பத்து. கிளம்பும் காலம் வந்துவிட்டது, பொய்யை விட்டுவிட்டுப் போவோம் வாருங்கள் என்று கூட்டத்தைக் கூப்பிடுகிற பாட்டு. அதற்கு அடுத்தது 'பொல்லா வினையேன்'. நூலின் முதல் பகுதியான சிவபுராணத்திலிருந்து எடுத்தது. ஊரையே கூப்பிட்டவர் இங்கே, உன்னைப் புகழும் வழிகூடத் தெரியாதவன் நான் என்று தனியாக நிற்கிறார்.

சுமார் 20 நிமிடம் ஓடும் பாட்டு அது. 'புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகி' என்று பிறவிகளின் வரிசை வரும் இடத்தைக் கவனித்துக் கேளுங்கள். அந்த வரிசையில் மனிதனுக்குத் தனி மரியாதை கிடையாது. 'கல்லாய் மனிதராய்ப் பேயாய்' என்று கல்லுக்கும் பேய்க்கும் நடுவில் வந்து போகிறான். இளையராஜாவின் குரல் இங்கே கச்சேரிக் குரலாக இல்லை. வயதும் களைப்பும் தெரிகிறது. அதைச் சுற்றி புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவும் கோரஸும் எழுந்து அடங்குகின்றன. ஒற்றைத் தம்பூராவோடு பாடியிருந்தால் உருக்கமாக இருந்திருக்கும், சரி. ஆனால் எத்தனையோ உடல்களில் பிறந்து இளைத்த கதைக்கு இத்தனை கருவிகளும் வேண்டியிருக்கின்றன என்றே எனக்குப் படுகிறது.

குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். அதே பாட்டில் அமெரிக்க இசை நாடகப் பாடலாசிரியர் ஸ்டீஃபன் ஷ்வார்ட்ஸ் எழுதிய ஆங்கில வரிகள் எனக்கு இன்னும் ஒட்டவில்லை. மேடை நாடகப் பாட்டின் வாசனை அடிக்கிறது. என் மகளோ அந்த வரிகள் வழியாகத்தான் சிவபுராணத்துக்கே வந்தாள். அதனால் வீட்டில் இதைப் பற்றி நான் வாய் திறப்பதில்லை.

ஒரு வேண்டுகோள். நான் வேப்பேரியில் ஒரு தேவாலயப் பாடகர் குழுவில் ஆல்டோ, அதாவது பெண்களின் தாழ்ந்த குரல் பகுதி, பாடுகிறேன். டிசம்பர் வந்தால் சென்னையில் எங்களைப் போன்ற குழுக்கள் ஹாண்டல் இயேசுவைப் பற்றி அமைத்த கோரஸ் படைப்பான 'மெசையா'விலிருந்து பாடுவோம். அதே மார்கழியில் மயிலாப்பூரில் விடியற்காலையில் திருவெம்பாவை. சபாக்களில் நாள் முழுக்கக் கச்சேரி. மேற்கத்திய இசைக் குறிப்பான ஸ்டாஃப் நொட்டேஷன் பார்த்து வாசிக்கும் வயலின்காரர்களுக்கும் இந்த ஊரில் பஞ்சமில்லை, சினிமா ஒலிப்பதிவுக் கூடங்கள் அவர்களைத் தலைமுறை தலைமுறையாக உருவாக்கியிருக்கின்றன. இத்தனையும் இருந்தும் இந்த ஆல்பத்தைப் பெரும்பாலும் செல்போனில்தான் கேட்கிறோம், அதுவும் நடுவில் விளம்பரத்தோடு. உங்கள் டிசம்பர் இசை மலரில் இதைப் பற்றி விரிவாக ஒரு கட்டுரை போடுங்கள். அதற்கு முன் ஏதாவது ஒரு சபாவைக் கேட்டுப் பாருங்கள். ஆறும் வேண்டாம், 'பொல்லா வினையேன்' ஒன்றை மட்டும் முழு கோரஸோடு மேடையில் பாட ஒரு மாலையை ஒதுக்குவார்களா? இளையராஜாவிடம் முறையாக அனுமதி வாங்கித்தான். ஆல்டோவுக்கு ஆள் வேண்டுமென்றால் எங்கள் குழுவில் நான்கு பேர் தயார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வேப்பேரி, சென்னை